வாயை மூடினால் விசில்

யோகா வகுப்பு என்றால் ஊசி விழுந்தாலும் சத்தம் கேட்கும் என்று நம்பிப் படியேறி வருகிறவர்கள், முதல் நாள் அந்த வாசலிலேயே திகைத்து நின்றுவிடுவார்கள். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீளமான அறை. சுவரோரம் எட்டு நாற்காலிகள், தரையில் எட்டுப் பாய்கள், மூலையில் ஆள் உயரத்துக்குத் தலையணைக் குவியல். எட்டுக் கர்ப்பிணிகள் எட்டு விதமாகச் சுவரைப் பிடித்தும், நாற்காலியில் சாய்ந்தும், பக்கவாட்டில் படுத்தும் இருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். காய்கறிச் சந்தை இதைவிட அடக்கமாக இருக்கும்.

பேசுவது அங்கே வெறும் அனுமதி அல்ல, சட்டம். சட்டத்தைப் போட்டவர் விசில் மேடம். பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இந்த வகுப்பை ஆரம்பித்தவர். கழுத்தில் விளையாட்டு வாத்தியார் மாதிரி ஒரு விசில் எப்போதும் தொங்கும். புதிதாக யார் வந்தாலும் டாக்டர் கொடுத்த சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் படித்துவிட்டு, அதே பேச்சைப் பேசுவார்.

"செய்யறப்போ மூச்சு வாங்காம ஒரு முழு பேச்சு பேச முடிஞ்சா, அது உங்க உடம்புக்குத் தாங்குதுன்னு அர்த்தம். பேச முடியலன்னா தாங்கல. உங்க நெஞ்சுக்குள்ள நான் எட்டிப் பாக்க முடியாது, ஆனா உங்க வாய் எனக்குக் கேக்கும். அதனால பேசுங்க. மாமியாரப் பத்திப் பேசுங்க, மேனேஜரப் பத்திப் பேசுங்க, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் என்னப் பத்தியே பேசுங்க. வாய மூடினா விசில்!"

விசில் அடித்தால் எல்லோரும் அப்படியே நிறுத்திவிட வேண்டும். வாயை மூடியவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். ஒவ்வொருவரும் கூடவே ஒரு துணையாளைக் கூட்டி வர வேண்டும், எழுந்திருக்கும்போது கை கொடுக்க, தள்ளாடினால் பிடிக்க. துணையாளுக்கும் அதே சட்டம்தான். "மூச்ச அடக்கிக்கிட்டுப் பிடிக்கிற கை நடுங்கும்" என்பார் மேடம்.

இந்தச் சட்டத்தால் ரொம்ப லாபம் அடைந்தவர் கீழே இருந்த டயர் கடைக்காரர். காற்றடிக்கும் இயந்திரம் டமடமவென்று ஓடிக்கொண்டே இருக்கும். மேலே யாராவது குரலைத் தாழ்த்தி, "இது யாருக்கும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்தால் போதும், இயந்திரம் நின்றுவிடும். கதை முடிந்ததும் மறுபடி ஓடும். ஒருமுறை கதை பாதியில் இருக்க வகுப்பு முடிந்துவிட்டது. படியிறங்கி வந்தவர்களை மறித்து, "அப்புறம் அந்த நாத்தனார் பீரோ சாவியக் குடுத்தாளா இல்லையா?" என்று கேட்டே விட்டார்.

இப்படிப்பட்ட வகுப்பில், ஊருக்கெல்லாம் வாய் கொடுக்கும் சுண்டெலி ஒரு நாள் வாயே திறக்காமல் நின்றாள்.

சுண்டெலிக்குப் பதினைந்து வயது. இருக்கிற இடம் தெரியாமல் நுழைந்து இருக்கிறதையெல்லாம் கொறித்துவிடுவாள் என்று அக்கா வைத்த பெயர், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அம்மா அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். மாமாவுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, அதுவும் ராத்திரி ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்குகிறவரை யோகா வகுப்புக்கு இழுத்துப் போக முடியாது. ஆகவே துணையாள் வேலை சுண்டெலிக்கு வந்தது.

"நிழல் மாதிரி கூடவே இரு" என்று அம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். "அவ சொல்றதுக்கெல்லாம் ஆடாத. அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து கால் தரையில நிக்காது."

அம்மா சொன்னது நிஜம். அக்கா பள்ளிக்கூட நாளில் யோகாப் போட்டிகளில் தலைகீழாக நின்றே கோப்பை வாங்கியவள். கல்யாணம் வரைக்கும் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் அதையே சொல்லிக் கொடுத்தாள். உலகத்தை நிமிர்ந்து பார்த்த நேரத்தைவிடக் கவிழ்ந்து பார்த்த நேரம்தான் அவளுக்கு அதிகம் இருக்கும். அப்படிப்பட்டவளை விசில் மேடம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தோளைச் சுழற்று, கணுக்காலைச் சுழற்று என்றால் எப்படி இருக்கும்?

"இது யோகாவா? பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க செய்யற வேலை" என்று அக்கா வகுப்பிலேயே சொன்னாள். பேசத்தான் சட்டம் இருக்கிறதே.

பக்கத்துப் பாயில் இருந்த பஸ்காரம்மா உடனே திரும்பினாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வயிறு ஸ்டியரிங்கை இடிக்க ஆரம்பித்ததும் டிப்போவில் மேசை வேலைக்கு மாற்றிவிட்டார்கள். "பஸ்ஸப் பத்தி ஏதாவது சொன்னா என்கிட்டச் சொல்லு. ரோடு எனக்கு மனப்பாடம்தான். அதுக்காக அறுபது பேர ஏத்திக்கிட்டு வளைவுல பறக்க முடியுமா? உன் பஸ்ல இப்போ ஆள் இருக்கு, தாயி."

அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, அதற்கு நேர்மாறான வேலையைச் செய்தாள்.

ஏழாம் மாதம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். உள்ளறையில் மாமாவின் குறட்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா சோபா மெத்தைகளை உருவிச் சுவரோரம் அடுக்கினாள். சுண்டெலி ஓடி வந்தாள்.

"என்ன பண்ணப் போற?"

"ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் தலைகீழா நிக்கப் போறேன். நீ காலப் பிடிச்சுக்கோ."

"ஐயோ, விசில் மேடம் ரெண்டு காலும் தரையில இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருக்காங்க!"

"அது பழக்கமில்லாதவங்களுக்கு. நான் நடந்ததவிட இதுதான் அதிகம்."

"மாட்டேன். அம்மாகிட்டச் சொல்வேன்."

அக்கா மெத்தையைத் தட்டிச் சமன் செய்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள். "சொல்லேன். அப்படியே உன் நீச்சல் கதையையும் சேத்துச் சொல்லிடலாமா?"

சுண்டெலி வந்து மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நீச்சல் கதை இதுதான். போன லீவில் அம்மா அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்திருந்தாள். முதல் நாள் தண்ணீரை எட்டிப் பார்த்த சுண்டெலி அப்படியே திரும்பி ஓடிவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு மாதமும் குளத்துப் பக்கம் போகவே இல்லை. பக்கத்துக் கேன்டீனில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, வீடு திரும்புமுன் குழாயடியில் தலையையும் துண்டையும் நனைத்துக்கொள்வாள். "என் பொண்ணு மீன் மாதிரி நீந்தறா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். குழாயடியில் அவளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் அக்கா ஒருத்திதான்.

ஆகவே சுண்டெலி காலைப் பிடித்தாள். திருடனுக்குத் துணை போன காவல்காரன் கதையாகிவிட்டது.

அக்கா முழங்கையை ஊன்றி, தலையை வைத்து, காலைத் தூக்கிய விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஏழு மாத வயிறு சட்டைக்குள் மெல்ல நெஞ்சுப் பக்கம் சரிந்தது. கவிழ்ந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்பாடா. இப்பதான் இது என் உடம்பு மாதிரி இருக்கு" என்றாள். சுண்டெலி மனதுக்குள் எண்ணினாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. நாற்பதுக்கு வருமுன் அக்காவின் பேச்சு நின்றது.

கால் சுண்டெலியின் கையிலிருந்து வழுக்கிச் சுவரை உரசிக்கொண்டு இறங்கியது. அக்கா எப்படியோ பக்கவாட்டில் மெத்தைமேல் சரிந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே மாமாவின் குறட்டை மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா! அக்கா, பேசு!"

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி" என்றாள் அக்கா. குடித்து முடித்ததும், "ஒண்ணும் இல்ல, லேசா சுத்திச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நீச்சல்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மூன்று வாரம் கழித்து ஸ்கேன் வந்தது.

இருட்டு அறை. மேசையில் அக்கா இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் ஸ்டூலில் சுண்டெலி. ஸ்கேன் எடுக்கும் அம்மா கருவியை வயிற்றின் மேல் ஓட்டிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் நிறுத்தி, நாக்கைத் தட்டினார்.

"அட! இங்க பாருங்க. குழந்தை தலைகீழா நிக்குது!"

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்துவிட்டது. அக்கா திரையைப் பார்த்துக் கண்கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சுண்டெலிக்கு ரத்தமெல்லாம் உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது.

தலைகீழா நிக்குது. நிக்காமல் என்ன செய்யும்? அம்மாவோடு சேர்ந்து அன்றைக்கு அதுவும் கவிழ்ந்திருக்கிறது. அம்மா இறங்கி நிமிர்ந்துவிட்டாள். இறங்கு என்று அதற்கு யார் சொன்னது? பாவம், மூன்று வாரமாக அது தலையை ஊன்றி நின்றுகொண்டே இருக்கிறது. அதன் அம்மாவுக்கே நாற்பது எண்ணுவதற்குள் முகம் வெளுத்தது. காலைப் பிடித்துக் கொடுத்தது யார்?

கேட்கலாம்தான். ஆனால் எதை என்று கேட்பது? வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை வெளியே வரும். செவ்வாய்க்கிழமை வந்தால் நீச்சல் குளமும் பின்னாலேயே வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

கத்த முடியாதவள் காரியத்தில் இறங்கினாள். குழந்தையைத் தானே நிமிர்த்திவிடுவது என்று முடிவு செய்தாள்.

மாமா ராத்திரி வேலைக்குப் போய்விடுவதால் அக்காவின் பக்கத்தில் படுப்பது அவள்தான். அக்கா தூங்கியதும் சுண்டெலி போர்வைக்குள் புகுந்து, வயிற்றின் மேல்பக்கம், நெஞ்சுக்குக் கீழே டார்ச் விளக்கை வைத்து அடித்தாள்.

"இங்க பாரு," என்று கிசுகிசுத்தாள். "வெளிச்சம் இந்தப் பக்கம்தான். திரும்பி மேல வா. அன்னைக்கு நடந்தது தப்பு, ஒத்துக்கறேன். உங்கம்மா மிரட்டினா, நான் பிடிச்சேன். எனக்கு நீந்தத் தெரியாது, அதான் காரணம். நீ தண்ணிக்குள்ளதான இருக்க, உனக்குத் தெரியும் எவ்வளவு பயமா இருக்கும்னு. கோவத்த என்மேல காட்டு. வெளிய வந்ததும் என் தலமுடியப் பிடிச்சு இழு, கத்த மாட்டேன். இப்போ கொஞ்சம் திரும்பு, என் தங்கம்ல?"

பதிலுக்கு, டார்ச் வைத்த இடத்திலேயே நல்ல அழுத்தமாக ஒரு உதை விழுந்தது.

சுண்டெலிக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே உதைக்கிறது என்றால் கால் மேலே இருக்கிறது. கால் மேலே என்றால் தலை கீழே. சந்தேகமே இல்லை.

அக்கா அரைக்கண் திறந்தாள். "என்னடி பண்ற?"

"கொசு."

"கொசுவுக்கு டார்ச் அடிச்சு வழி காட்டறியா? படு."

மறுநாள் ரேடியோவை வயிற்றின் மேல்பக்கம் வைத்துப் பார்த்தாள், பாட்டு கேட்கத் திரும்பும் என்று. செய்திதான் ஓடியது. குழந்தைக்குச் செய்தியில் நாட்டம் இல்லை போலிருக்கிறது. அதற்கடுத்த நாள் அக்காவின் தொப்புளுக்கு மேலே மாம்பழத்தை வைத்து வாசனை காட்டியபோது, "இந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அக்கா மாமாவிடமே சொல்லிவிட்டாள். மாமா பழத்தை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கப் போனார்.

சுண்டெலிக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அக்காவோடு மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போனாள்.

அன்றைக்கு நாற்காலிக்குப் பின்னால் நின்று, முதுகுப்பிடியைப் பற்றிக்கொண்டு, பாதி உட்கார்ந்து எழும் பயிற்சி. வகுப்பு வழக்கம்போல இரைந்தது. பஸ்காரம்மா டிப்போ மேனேஜரின் புது வழுக்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே இயந்திரம் நின்றிருந்தது, கதை அவ்வளவு நன்றாக இருந்தது. அக்காவின் பின்னால், இடுப்பருகே இரண்டு கையையும் தயாராக வைத்து நின்ற சுண்டெலி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மேடம் இரண்டு முறை அந்தப் பக்கமாக நடந்தார். மூன்றாம் முறை விசில் அறையைக் கிழித்தது.

எல்லோரும் நிறுத்தினார்கள்.

"யாரு? நான் பேசிட்டுத்தான் இருந்தேன்" என்றாள் அக்கா.

"நீ இல்ல. பின்னால நிக்கற ஆளு." மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. தண்ணி குடி. இன்னைக்கு வந்ததுலேர்ந்து நீ ஒரு வார்த்த பேசல. போன வகுப்புல பக்கத்து வீட்டு நாயப் பத்தி முக்கால் மணி நேரம் பேசின ஆளு நீ. என்ன நடக்குது?"

"ஒண்ணும் இல்ல, மேடம்."

"கை நடுங்குது. ஒண்ணும் இல்லாத கை நடுங்காது. பேசு, இல்லன்னா வகுப்பு ஓடாது."

எட்டுக் கர்ப்பிணிகள் எட்டு வயிறுகளோடு அவளைப் பார்த்தார்கள். எட்டுக்குள்ளும் ஒவ்வொன்று கேட்டுக்கொண்டிருக்கும் என்று சுண்டெலிக்குத் தோன்றியது. அடைத்து வைத்தது உடைந்துகொண்டு வந்தது.

"நான்தான் மேடம் குழந்தையத் தலைகீழா ஆக்கிட்டேன்! நான்தான் காலப் பிடிச்சேன்! டார்ச் அடிச்சும் திரும்ப மாட்டேங்குது!"

ஒரு நொடி அந்த அறையில் உண்மையிலேயே ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். பிறகு முதலில் வெடித்தது பஸ்காரம்மா. அப்புறம் ஒருத்தர் விடாமல். நாற்காலியைப் பிடித்துச் சிரித்தார்கள், சுவரைப் பிடித்துச் சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஒண்ணுக்கு வந்துடும் போலிருக்கே" என்று ஒருத்தி கதவைப் பார்த்து ஓடினாள். கீழேயிருந்து டயர் கடைக்காரர் குரல் கொடுத்தார். "குழந்தைக்கு ஒண்ணும் இல்லையே?"

"நீங்க காத்தடிங்க!" என்று மேடம் ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, சுண்டெலியின் முன்னால் குனிந்தார். "கண்ணத் தொடச்சுக்கோ. எத்தன மாசம் உங்கக்காவுக்கு? எட்டு. எட்டுல முக்கால்வாசி குழந்தைங்க தானாவே தலையக் கீழ வச்சுக்கும். வெளிய வர்ற வழி அந்தப் பக்கம்தான இருக்கு? நீ கால முன்னால போட்டு வாசல்ல வருவியா, தலைய நீட்டி வருவியா? அது சமத்தா வரிசையில நிக்குது. உன்னால ஆனது இல்ல, என்னால ஆனதும் இல்ல."

சுண்டெலிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்போ, தலைகீழா இருக்கறதுதான் நேரா?"

"அதுக்கு அதுதான் நேர்." மேடம் நிமிர்ந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு படியிறங்கிப் போய்விட்டது. "ஆமா, காலப் பிடிச்சேன்னு சொன்னியே. யார் கால?"

இப்போது சிரிப்பு மொத்தமாக நின்றது. அக்கா சுண்டெலியைப் பார்த்த பார்வையில் ஒரு டயருக்குக் காற்று இறக்கியிருக்கலாம். ஆனால் மேடம் கண்ணை எடுக்கவில்லை. அக்கா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை. மெத்தை. நாற்பது நொடி.

"முப்பத்தொம்போது" என்றாள் சுண்டெலி, கணக்காவது சரியாக இருக்கட்டும் என்று. "அப்புறம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கூப்பிட்டா பதில் வரல."

மேடம் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ரத்தம் ஏதாவது பட்டதா, வயிறு வலித்ததா, தண்ணீர் கசிந்ததா, குழந்தை வழக்கம்போல ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை, ஆடுகிறது, மூன்று நாள் முன்பு டார்ச்சையே உதைத்தது. "தலைசுத்தல் அன்னைக்கு மட்டும்தானா?" என்று கேட்டபோது அக்கா பேசவில்லை.

மேடம் விசிலை வாயருகே கொண்டு போனார்.

"நாலு வாரமா அப்பப்போ சுத்துது" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. "சொன்னா இதையும் நிறுத்திடுவீங்க. இதுவும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்? கண்ணாடியில பாத்தா யாரோ மாதிரி இருக்கு."

"இந்த மாசத்துல மூட்டெல்லாம் இளகியிருக்கும், பாரம் முன்னால போயிருக்கும். நீ பழகின உடம்பு வேற, இப்போ உனக்கு இருக்கற உடம்பு வேற. கோப்பை வாங்கினவளும் விழுவா." மேடம் அவளுடைய பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "உன்ன நிறுத்தறதுக்கு நான் யாரு? டாக்டர்கிட்டப் போய் இதையெல்லாம் சொல்லு. இன்னைக்கே. சொல்லிட்டு வா, உன் பாய் இங்கயே இருக்கும். சொல்லாம படியேறினா, விசிலுக்குப் பதிலா வேற ஏதாவது எடுப்பேன்."

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நாலு நிறுத்தம் போயும் ஒரு வார்த்தை இல்லை.

"அக்கா, ஏதாவது பேசு."

அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"திட்டவாவது திட்டு. நீ பேசலன்னா எனக்குப் பயமா இருக்கு."

"உன்கிட்ட நான் பேசறதா இல்ல."

"அப்பாடா, பேசிட்ட."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் நன்றாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது. கோபமா, சிரிப்பா என்று சுண்டெலிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

டாக்டர் கேட்டார், பார்த்தார், ரத்தம் எடுத்தார். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. குறை அக்காவின் ரத்தத்தில் இருந்தது. அதில் ஹீமோகுளோபின், இருக்க வேண்டிய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. "இப்படியே பிரசவத்துக்கு வந்திருந்தா எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா போயிருக்கும். தலை சுத்தறத ஏன் முன்னாடியே சொல்லல?" என்று டாக்டர் கேட்டபோது, அக்கா சுண்டெலியின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் டயருக்குக் காற்று இறங்காது. மருந்து எழுதினார், ஊசி போட்டார், இரண்டு வாரம் ஓய்வு என்றார். அதற்கப்புறம் நாற்காலிப் பயிற்சி செய்யலாம், கால் தரையிலேயே இருக்க வேண்டும்.

மாமாவிடம் அக்காவே சொன்னாள். மாமா காலையில் வேலை முடிந்து வந்து, ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டு முடித்துவிட்டு, "உள்ள ஆள் இருக்கறப்போ லிஃப்ட டெஸ்ட் பண்ணக்கூடாது. எங்க வேலையில அதுதான் முதல் பாடம்" என்றார். அப்புறம் அன்றைக்குப் பகல் முழுக்கத் தூங்காமல் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் படியேறினார்கள். மேடம் டாக்டர் சீட்டை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, பாயைக் காட்டினார். நாற்காலியின் முதுகுப்பிடியைப் பற்றி, பாதத்தை அகல வைத்து, அக்கா மெதுவாகக் கீழே இறங்கினாள். அவள் முகத்தில் ரத்தக்களை திரும்பியிருந்தது. பின்னால் சுண்டெலி, இடுப்பருகே இரண்டு கைகளோடு.

"பேசணுமே" என்றார் மேடம்.

"பேசறேன், மேடம்." அக்கா மூச்சை இழுத்தாள். சுண்டெலிக்கு முதுகுதான் தெரிந்தது. ஆனால் அந்த முதுகே சிரிக்கிற மாதிரி இருந்தது. "இது யாருக்கும் சொல்லாதீங்க. எங்க வீட்டுல ஒரு மீன் இருக்கு."

கீழே இயந்திரம் நின்றது.

"அக்கா, வேணாம்!"

"மீனுக்கு நீச்சல் கத்துக்குடுக்க எங்கம்மா ரெண்டு மாசம் அனுப்பினாங்க. மீன் எங்க போச்சு தெரியுமா? கேன்டீனுக்கு!"

"அடிப்பாவி!" என்றாள் பஸ்காரம்மா, சந்தோஷமாகப் பக்கத்தில் நகர்ந்து. "ரெண்டு மாசமா? அப்போ தலை எப்படி நனைஞ்சுது?"

"குழாயடி! துண்ட எப்படிப் பிழிவா தெரியுமா? அதுல ஒரு கலை இருக்கு, இருங்க சொல்றேன்..."

சுண்டெலியின் காது ரெண்டும் கொதித்தது. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இந்தக் கதை டயர் கடையைத் தாண்டிவிடும். ராத்திரிக்குள் அம்மாவின் போன் வந்துவிடும். தரை பிளந்தால் குதித்துவிடலாம்தான். ஆனால் கையை எடுக்க முடியாது.

அக்கா இறங்கினாள், ஏறினாள். ஐஸ்கிரீமின் நிறம் வரைக்கும் சொன்னாள். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை. சுண்டெலி ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே நின்றாள். கதையில் ஒரு தவறு வந்தபோது மட்டும் திருத்தினாள்.

"பச்சைத் துண்டு இல்லக்கா, நீலம். இறங்கறப்போ மெதுவா. அப்புறம்? நிறுத்தாத, சொல்லு."